முதுகு வளைகிறது, மனம்?

(முதலியார்பேட்டையில் ஒரு ஞாயிறு மாலை ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

யோகா செய்தால் கருணை தானாக வந்துவிடும் என்று கேட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம் என்று வந்திருந்தால் உங்களுக்கு ஏமாற்றம்தான். அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பல வருஷமாக இந்தப் பக்கத்தில் யோகா சொல்லிக்கொடுக்கிறேன். முதுகுவலி போனவர்களைப் பார்த்திருக்கிறேன். மாத்திரை இல்லாமல் தூங்கத் தொடங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். மனம் இளகியவர்களையும் பார்த்திருக்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வரிசை சின்னது.

ஒரு நாள் காலை வகுப்பு, மொட்டை மாடியில். சவாசனத்தில் எல்லோரும் படுத்திருக்க, உலகத்து உயிர்களெல்லாம் நலமாக இருக்கட்டும் என்று மனதுக்குள் சொல்லச் சொல்லி முடித்தோம். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, கீழே சத்தம். இளநீர் வண்டிக்காரர் ஒருவர் ஸ்கூட்டருக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டாராம். "யோவ், வண்டிய எடுய்யா! கண்ணு தெரியல?" எட்டிப் பார்த்தால், மேலே எல்லோரையும்விட அமைதியாகப் படுத்திருந்தவர். அந்த இளநீர்க்காரருக்கோ இவருடைய அப்பாவின் வயது இருக்கும்.

அவரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததை அவர் ஒழுங்காகத்தான் செய்தார். உலகத்து உயிர்கள் என்று நினைக்கும்போது யாருடைய முகமும் நினைவுக்கு வர வேண்டியதில்லை. அதனால்தான் அது சுலபமாக இருக்கிறது. வாசலில் நிற்கிற உயிருக்கு ஒரு முகம் இருக்கிறது, ஒரு வண்டி இருக்கிறது, அந்த வண்டி நம் வழியில் நிற்கிறது.

யோகத்துக்குப் பேர்போன ஊர் நம் புதுச்சேரி. 1910 ஏப்ரல் 4ஆம் தேதி அரவிந்தர் இங்கே வந்து இறங்கினார். 1926 நவம்பரில் ஆசிரமம் உருவானது. மருத்துவம் படித்து, வெளிநாட்டில் டாக்டராக இருந்துவிட்டுத் திரும்பிய சுவாமி கீதானந்த கிரி 1968ல் இங்கே ஆனந்தா ஆசிரமத்தைத் தொடங்கினார். தட்டாஞ்சாவடியில் இருக்கிற கம்பளிசாமி மடமும் பின்னாளில் அவர் பொறுப்புக்கு வந்தது. ஜனவரி வந்தால் அரசே சர்வதேச யோகா திருவிழா நடத்துகிறது. பிள்ளைகள் உடம்பை ரப்பர் போல வளைத்து மெடல் வாங்கி வருகிறார்கள், நமக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நடுவர் எதற்கு மதிப்பெண் போடுகிறார்? கால் எவ்வளவு உயரம் போனது, எத்தனை விநாடி நிலைத்தது, முகம் சுளித்ததா இல்லையா. பக்கத்தில் தவறி விழுந்த பிள்ளையைத் தூக்கிவிட்டால் மதிப்பெண் உண்டா? கிடையாது. போட்டியில் அதற்கு வழியில்லை என்பது எனக்கும் தெரியும். நம்முடைய யோகா முழுக்க அந்தப் போட்டி மேடை மாதிரியே ஆகிவிட்டதோ என்பதுதான் கவலை.

பதஞ்சலி போட்டிருக்கும் வரிசையைப் பாருங்கள். எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவது. அதற்கு முன்னால் இயமம், நியமம். இயமம் ஐந்தில் முதலாவது அகிம்சை. ஆக, காலை மடக்கி உட்காருவதற்கு முன்பே, பிற உயிரை நோகடிக்காதே என்ற பாடம் வந்துவிடுகிறது. நாம் முதல் இரண்டு படியையும் தாண்டிக் குதித்து மூன்றாவதில் ஏறிக்கொண்டோம். இயமமும் நியமமும் இல்லாவிட்டால் அது யோகமே ஆகாது என்று கீதானந்தர் கண்டிப்பாகச் சொல்லி வந்தார். 1993ல் மறையும்வரை அவர் பிடித்த பிடி அது. இன்று எந்த வகுப்பில் சேரும்போதும் எடை கேட்கிறார்கள், ரத்த அழுத்தம் கேட்கிறார்கள். வீட்டில் வேலை செய்கிற அம்மாவிடம் எப்படிப் பேசுகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்பதில்லை. கேட்டால் அடுத்த நாள் பாதிப் பேர் வரமாட்டார்கள்!

வடமொழி நூலை விடுங்கள், நம் திருமூலரைப் பார்ப்போம். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் முழுக்க யோகம். ஆனால் கொல்லாமையையும் புலால் மறுத்தலையும் அவர் முதல் தந்திரத்திலேயே முடித்துவிடுகிறார். அதைவிட அவருடைய கதை எனக்கு முக்கியம். சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் கதை, உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கயிலையிலிருந்து ஒரு யோகியார் தெற்கே வருகிறார். திருவாவடுதுறைப் பக்கம், காவிரிக் கரையில், சாத்தனூர் மாடுமேய்ப்பவன் மூலன் இறந்து கிடக்கிறான். பசுக்கள் அவனைச் சுற்றிச் சுற்றி வருகின்றன, மோந்து பார்க்கின்றன, கதறுகின்றன. யோகியார் என்ன செய்தார்? உலகம் மாயை என்று நடையைக் கட்டியிருக்கலாம். மாடுகளுக்கு ஒரு தத்துவம் சொல்லியிருக்கலாம். தன் உடம்பை ஓரிடத்தில் பத்திரமாக வைத்துவிட்டு மூலன் உடம்புக்குள் புகுந்தார். மாடுகள் துள்ளின. சாயங்காலம் வரை மேய்த்து, ஊருக்கு ஓட்டிக்கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்து தேடினால் வைத்த இடத்தில் தன் உடம்பு இல்லை. கடைசிவரை அந்த மாட்டுக்காரன் உடம்புதான் அவருக்கு.

கூடுவிட்டுக் கூடு பாய்வதை நம்புகிறீர்களா என்று என்னைக் கேட்காதீர்கள். தமிழன் தன் முதல் பெரிய யோகியைப் பற்றிக் கதை கட்டும்போது, அவருடைய சித்தியை எதற்குச் செலவழிக்க வைத்திருக்கிறான் என்பதைப் பாருங்கள். ராஜாவை மயக்க அல்ல, எதிரியை எரிக்க அல்ல. மாடு அழுவதை நிறுத்த. அதற்கு அவர் கொடுத்த விலை சொந்த உடம்பு. மூலனின் மனைவி காத்திருந்தாள், அவளை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை, அவள் அழுதாள் என்றும் கதையில் இருக்கிறது. மாட்டின் கண்ணீர் தெரிந்தவருக்கு அவள் கண்ணீர் தெரியவில்லையா என்று ஒரு மாணவி என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கு இன்னும் பதில் வரவில்லை.

சரி, புராணம் போதும், ஆராய்ச்சிக்காரர்கள் என்ன சொல்கிறார்கள்? அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் ஒரு சோதனை செய்தார்கள், 2013ல் வெளியானது. சிலருக்கு எட்டு வாரம் தியானப் பயிற்சி. மற்றவர்களுக்கு இல்லை. பிறகு ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு ஒரு காத்திருப்பு அறையில் உட்கார வைத்தார்கள். மூன்றே நாற்காலி, மூன்றும் நிரம்பிவிட்டன. மற்ற இரண்டில் இருப்பவர்கள் சோதனை நடத்துகிறவர்களின் ஆட்கள். அப்போது ஊன்றுகோலோடு, வலியில் முகம் சுருங்கி, ஒரு பெண் உள்ளே வருகிறார். அவரும் அவர்கள் ஆள்தான். பக்கத்து நாற்காலிக்காரர்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருக்கிறார்கள். நம் ஆள் எழுந்து இடம் கொடுக்கிறாரா? கடலூர் பஸ்ஸில் நாம் தினமும் எழுதுகிற பரீட்சை இது. பயிற்சி இல்லாதவர்களில் எழுந்தவர்கள் 16 விழுக்காடு. பயிற்சி பெற்றவர்களில் 50 விழுக்காடு. இன்னொரு விஷயம், ஒரு பிரிவுக்குத் தியானத்தோடு கருணை பற்றிய பாடமும் நடந்தது, இன்னொரு பிரிவுக்கு வெறும் கவனப் பயிற்சி மட்டும். இரண்டு பிரிவும் ஒரே அளவில்தான் எழுந்தார்கள். கருணையைப் பற்றிப் பிரசங்கம் கேட்டதால் கூடுதலாக யாரும் எழுந்துவிடவில்லை. இந்த இடத்தில் நான் உட்கார்ந்துவிட வேண்டும், ஆனால் இன்னும் கொஞ்சம் பேசுகிறேன்.

கைதட்டுவதற்கு முன்னால் இன்னொன்றையும் கேளுங்கள். 2018ல் ஜெர்மனியில் 93 யோகா மாணவர்களைப் பதினைந்து வாரம் தொடர்ந்து பார்த்தார்கள். யோகா நான் என்பதைக் கரைக்கும் என்றுதானே எதிர்பார்ப்பு? வகுப்பு முடிந்த கையோடு கேட்டால், மற்றவர்களைவிட நான் மேல் என்று அவர்கள் தங்களைக் கூடுதலாகவே உயர்த்திச் சொன்னார்கள். எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. சிரசாசனம் வந்த முதல் வாரத்தில் ஒருவர் நடக்கிற நடையைப் பாருங்கள்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குப் புரிவது இதுதான். யோகா கவனத்தைத் தீட்டிக் கொடுக்கிறது. மூச்சு எங்கே தட்டுகிறது, தோள் எங்கே இறுகுகிறது, கோபம் முதலில் வயிற்றில் வருகிறதா தாடையில் வருகிறதா என்று உள்ளே பார்க்கக் கற்றுக்கொடுக்கிறது. நல்ல கத்திதான். ஆனால் அந்தக் கவனம் என் உடம்பு, என் மூச்சு, என் அமைதி என்றே சுற்றிக்கொண்டிருந்தால் ஜெர்மனிக்காரர்கள் சொன்னதில் போய் முடியும். அதே கவனத்தை எதிரில் இருக்கிறவர் உடம்பின் மீது வைத்தால் பாஸ்டனில் எழுந்து நின்றவர்கள் மாதிரி ஆகலாம். இந்தத் திருப்பம் தானாக நடக்காது. ஆசனத்தைப் பழகுவது மாதிரி இதையும் பழக வேண்டும்.

இந்தத் திருப்பத்தை நம் பக்கத்தில் ஒருவர் முழுசாகச் செய்து காட்டிவிட்டுப் போயிருக்கிறார். இந்தக் கடலூர் சாலையிலேயே தெற்கே போனால், கடலூர் தாண்டி, ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் வடலூர். 1867 மே 23ஆம் தேதி வள்ளலார் அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றைக்கும் எரிகிறது. இருபத்தோரு அடி நீளம் என்பார்கள். அதே 1867ல்தான் திருவருட்பா அச்சில் வந்தது. அதற்குத் துணைநின்றவர்களில் புதுவை வேலு முதலியாரும் ஒருவர் என்பதை நம் ஊர்க்காரர்கள் மறந்துவிடக் கூடாது.

வள்ளலாரின் பயிர் பற்றிய வரி உங்கள் எல்லோருக்கும் மனப்பாடம், நான் சொல்ல வேண்டியதில்லை. ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற அவருடைய உரைநடையை எத்தனை பேர் படித்திருக்கிறீர்கள்? கை தூக்க வேண்டாம். அதில் பசி வந்தால் ஒரு மனிதனுக்கு என்னென்ன ஆகிறது என்று எழுதிக்கொண்டே போகிறார். அறிவு மங்குவதில் தொடங்கி, கண் பஞ்சடைந்து குழிவிழுவது, காது கும்மென்று அடைத்துப்போவது, நாக்கு வறள்வது, குரல் மாறிப்போவது, கைகால் துவள்வது என்று உடம்பு முழுவதையும் தடவிப் பார்ப்பது போல ஒரு பட்டியல். நல்ல வைத்தியர் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்த மாதிரி இருக்கும். பசித்தவன் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டுப் போகவில்லை. ஒரு யோகி தன் உடம்பை எவ்வளவு நுணுக்கமாகக் கவனிப்பாரோ அவ்வளவு நுணுக்கமாக அடுத்தவர் பட்டினியைக் கவனித்திருக்கிறார். கவனித்துவிட்டு அடுப்பு மூட்டினார். ஜீவகாருண்யம் இல்லாமல் யோகமும் தவமும் தியானமும் செய்பவர்கள் அருளுக்குப் பாத்திரமாக மாட்டார்கள் என்று அதே நூலில் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். இவரும் யோகத்தின் எல்லையைத் தொட்டவர்தான், வெளியே நின்று கல்லெறிந்தவர் இல்லை.

இதை வகுப்பில் எப்படிப் பழகுவது என்று கேட்பீர்கள். நான் செய்வதைச் சொல்கிறேன். கீதானந்தர் வழியில் விபாகப் பிராணாயாமம் என்று ஒன்று உண்டு. மூச்சை மூன்று பகுதியாகப் பிரித்துப் பழகுவது. முதலில் அடிவயிற்றுக்கு, அடுத்து விலாவுக்கு, பிறகு மேல் மார்புக்கு, தோள்பட்டைப் பக்கம். கையை அந்தந்த இடத்தில் வைத்துக்கொண்டு மூச்சு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். இதை எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்த பிறகு, இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்காரச் சொல்வேன். ஒருவர் கண்ணை மூடி இயல்பாக மூச்சுவிட வேண்டும். மற்றவர் தொடாமல், பேசாமல் அவர் மூச்சைப் பார்க்க வேண்டும். வயிறு அசைகிறதா, விலா விரிகிறதா, மேல் மார்போடு நின்றுவிடுகிறதா, வெளிமூச்சு முழுசாகப் போகிறதா, நடுவில் வெட்டுகிறதா. மூன்று நிமிஷம். அப்புறம் இடம் மாறிக்கொள்ள வேண்டும்.

முதல் தடவை சிரிப்பார்கள். வெட்கம். அடுத்தவர் மூச்சை அவ்வளவு நேரம் பார்ப்பது கைக்குழந்தையிடம் மட்டும்தான் நமக்குப் பழக்கம். நான்கைந்து வகுப்பு போனால் சிரிப்பு நின்றுவிடும். ஒரு முறை நல்ல வேலையில் இருக்கும் இளைஞர் ஒருவருக்கு எதிரே, மில்லில் நெசவுப் பகுதியில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் உட்கார்ந்தார். முடிந்ததும் இளைஞர் என்னிடம் தனியாக வந்து சொன்னார், "ஐயாவுக்கு மூச்சு கழுத்துக்கிட்டயே நின்னுடுது சார். ரெண்டு மூச்சுக்கு ஒரு தடவ தொண்டைய முழுங்குறாரு." பஞ்சுத் தூசியில் வருஷக்கணக்காக நின்ற உடம்பு அது. இவ்வளவு நாள் அந்தப் பெரியவர் இவருக்கு, வகுப்பில் இருமித் தொந்தரவு செய்கிற ஆள். அடுத்த நாள் ஜன்னலோரத்து இடத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தார். நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, பேசினால் கெட்டுவிடும்.

பதஞ்சலி இன்னொரு பயிற்சியும் சொல்கிறார், முதல் பாதத்தில். சுகமாக இருப்பவரிடம் நட்பு, துன்பப்படுபவரிடம் கருணை, நல்லது செய்பவரைக் கண்டால் மகிழ்ச்சி, கெட்டது செய்பவரிடம் விலகி நிற்பது. இப்படிப் பழகினால் மனம் தெளியும் என்கிறார். நம்மில் பெரும்பாலோருக்கு இரண்டாவது ஓரளவு கைவரும். துன்பப்படுபவரைப் பார்த்து ஐயோ பாவம் என்பதில் நமக்குக் கொஞ்சம் சுகமும் இருக்கிறது, நாம் மேலே நிற்கிறோமே! கஷ்டம் முதலாவதில்தான். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு ஜிப்மரில் இடம் கிடைத்துவிட்டது என்று கேள்விப்பட்ட அந்த நொடியில் உங்கள் மூச்சு எங்கே நின்றது என்று பாருங்கள். இனிப்பை வாயில் போட்டுக்கொண்டே "டொனேஷன் கொடுத்திருப்பாங்களோ?" என்று கேட்கிறோம். ஜிப்மரில் டொனேஷன் கிடையாது என்று தெரிந்தே கேட்கிறோம்.

இந்த ஊரில் பேசிவிட்டு நேரத்தைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இரண்டு உளவியலாளர்கள் 1973ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பாதிரியார் ஆவதற்குப் படிக்கும் மாணவர்கள் நாற்பது பேர். பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிற்றுரை ஆற்ற வேண்டும். சிலருக்குக் கொடுத்த தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் காப்பாற்றிய நல்ல சமாரியன் கதை. போகிற வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து இருமிக்கொண்டிருக்கிறார், இதுவும் ஏற்பாடுதான். நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லப்பட்டவர்களில் 63 விழுக்காட்டினர் நின்று உதவினார்கள். சீக்கிரம் போ, நேரமாகிவிட்டது என்று சொல்லப்பட்டவர்களில் 10 விழுக்காடு. சமாரியன் கதையைப் பேசப் போனவர்கள் மற்றவர்களைவிடப் பெரிதாக மேம்பட்டுவிடவில்லை. அவசரம்தான் முடிவு செய்தது.

இதைப் படித்தபோது எனக்கு நம் மில்கள் ஞாபகம் வந்தன. சவானா, ரோடியர் என்று இரண்டு மில்லின் சங்கு ஒலியில் எழுந்து படுத்த பகுதி இது. 1936 ஜூலை 30ஆம் தேதி சவானா மில்லில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் பன்னிரண்டு தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். அவர்கள் கேட்டவற்றில் முக்கியமானது வேலை நேரத்தைக் குறை என்பது. அடுத்த ஆண்டு எட்டு மணி நேர வேலை சட்டமானது. கூலி, சங்கம் என்றுதான் இந்தக் கதையைச் சொல்வோம். நான் கூடுதலாக ஒன்று சொல்கிறேன். எட்டு மணி நேரம் என்றால், மிச்சமிருக்கிற நேரத்தில் பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்கலாம், பக்கத்து வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று விசாரிக்கலாம். மனிதனுக்கு நேரம் கொடுக்காமல் கருணையை மட்டும் கேட்பது அநியாயம். இன்றைக்கு நம் தெருவில் சாப்பாட்டுப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு பைக்கில் பறக்கும் பிள்ளைகளுக்கு மில்லும் கிடையாது, சங்கும் கிடையாது, எட்டு மணி நேரமும் கிடையாது. அவர்களுக்குப் போய் மெதுவாக மூச்சுவிடு என்று நான் எந்த முகத்தோடு சொல்வேன்? பத்து நிமிஷம் தாமதமாக வந்தால் திட்டாமல் வாங்கிக்கொள்ளுங்கள் என்று உங்களிடம்தான் சொல்ல முடியும்.

கடைசியாக ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். கருணை போதவில்லை என்று நான் இவ்வளவு நேரம் பேசியது யாருக்குப் பொருந்தினாலும் இவர்களுக்குப் பொருந்தாது. வீட்டில் படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்கிற பெண்கள். நர்ஸ் வேலை செய்கிறவர்கள். இவர்கள் கஷ்டம், இருக்கிற கருணை வற்றிப்போவது. தானியா சிங்கர் என்ற ஜெர்மானிய விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் இதை ஆராய்ந்தார்கள். அடுத்தவர் வலியை அப்படியே உள்ளே வாங்கிக்கொள்ளப் பழக்கியபோது, துன்பக் காட்சிகளைப் பார்த்தவர்கள் மேலும் மேலும் சோர்ந்துபோனார்கள். துன்பப்படுபவர் நலமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற கருணைப் பயிற்சியைத் தொடர்ந்து கொடுத்தபோது அந்தச் சோர்வு தணிந்தது. சேர்ந்து அழுவதும் கருணையும் ஒன்றில்லை, மூளையிலேயே வேறு வேறு இடம் வேலை செய்கிறது என்கிறார்கள்.

வகுப்புக்கு வரும் ஒரு பெண்மணி, மாமியாருக்குப் பக்கவாதம். திருப்பிப் படுக்க வைப்பது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் இவர்தான். "கிழவி செத்தா தேவலன்னு தோணுது, அப்புறம் பயந்துபோயி சாமி கும்புடுறேன்" என்றார். அவருக்கு நான் பெரிதாக ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. படுக்கையைத் தொடுவதற்கு முன் கதவருகே நின்று, உள்மூச்சைவிட வெளிமூச்சு நீளமாக, ஆறேழு முறை. பிறகு மாமியாரின் மூச்சை ஒரு நிமிஷம் பார்ப்பது. அவர் மூச்சை வெளியே விடும்போது திருப்புவது, அப்போது உடம்பு கொஞ்சம் தளர்ந்து கொடுக்கும், இரண்டு பேருக்கும் வலி குறையும். இது பலன் கொடுத்தது, பாதி. மீதிப் பாதிக்குப் பிராணாயாமத்தில் மருந்து இல்லை. அவர் கணவரை வரச்சொல்லி, வாரத்தில் ஒரு நாள் உங்கள் அம்மாவை நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னேன். ஆபீஸ், வண்டி ரிப்பேர், முழங்கால் வலி என்று எல்லாக் காரணமும் சொல்லிப் பார்த்தார். இப்போது ஞாயிற்றுக்கிழமை அவர் முறை. முதல் ஞாயிறு பெட்ஷீட் மாற்றத் தெரியாமல் மனைவியை மூன்று தடவை கூப்பிட்டாராம், இவர் காது கேட்காத மாதிரி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாராம்.